99-ம் 100-ம் ஏன் பிரியவில்லை? மோட்டார் அதிர்வை அதிர்வெண்களாகப் பிரிப்பது பற்றி

கணபதிப் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றை அப்பாவுடன் சேர்ந்து நடத்தி வருகிறேன். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒரே உடலாக அமைந்த) மோட்டார் இரண்டு வாரமாக எங்களைப் படுத்தி எடுக்கிறது. காயில் கட்டி, இரண்டு பக்கமும் புதிய பேரிங் போட்டு, இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மாட்டாமல் மேடையில் ஓடவிட்டால், அதன் ஓசை வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. வாசலில் நிற்பவருக்கே அது கேட்கிறது. இரண்டு போல் மோட்டார். டேகோமீட்டர் 2970 சுற்று காட்டுகிறது.

அப்பா, ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங் மூடியில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டே முடிவு சொல்பவர். பேரிங்கில் குறையில்லை என்பது அவர் கட்சி. எனக்கு மனம் ஒப்பவில்லை. முடுக்க உணரிச் சில்லு ஒன்றைச் சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் இணைத்து, வினாடிக்கு 1024 மாதிரிகள் வீதம் எடுத்து, 256 மாதிரிகள் கொண்ட தொகுதியை எஃப்எஃப்டி (அதிர்வை அதிர்வெண்களாகப் பிரிக்கும் விரைவுக் கணக்கு) செய்து பார்த்தேன். 100 ஹெர்ட்ஸை ஒட்டி அகலமான ஒரு மேடும், 264 ஹெர்ட்ஸ் அருகே கூர்முனை ஒன்றும், 360-க்கும் 460-க்கும் பக்கத்தில் சிறிதாக இரண்டு முனைகளும் தெரிந்தன. பேரிங்கில் 9 குண்டுகள். உள்வளையக் குறைக்கு 0.6 பெருக்கல் குண்டுகளின் எண்ணிக்கை பெருக்கல் சுழல் வேகம் என்ற பட்டறைக் கணக்கைப் போட்டால் 267 வருகிறது. ஆகவே பேரிங்தான் என்று முடிவு கட்டி மறுபடியும் மாற்றினேன். அந்த முனை அசையவே இல்லை.

மாதிரி வீதம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அதை 4096 ஆக உயர்த்தினேன். 100-இல் இருந்த மேடு இன்னும் மழுங்கிப்போனது. 264 முனை காணாமலே போனது. வேகமாக எடுத்தால் தெளிவு கூடத்தானே வேண்டும்? நான் எங்கே தவறுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பெருந்துறை வாத்தியார் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது ஒன்று போலத் தோன்றினாலும் அதில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன. முதலில் 100-இல் உள்ள மேட்டை எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் செய்த கணக்கு, சமிக்ஞைக்குள் புகுந்து அங்கே என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன என்று தேடி எடுப்பதில்லை. அது தன்னிடம் முன்கூட்டியே இருக்கும் அளவுகோல் அலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உங்கள் தொகுதி அதனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மட்டும் பார்க்கிறது. மாதிரியையும் அளவுகோல் அலையையும் புள்ளிக்குப் புள்ளி பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுவதுதான் அந்தப் பார்வை; சைனுக்கு ஒரு கூட்டல், கொசைனுக்கு ஒரு கூட்டல், இரண்டையும் சேர்த்து ஒரு கலப்பெண். தொகுதியின் கால அளவுக்குள் ஒரு முழுச் சுற்று, இரண்டு முழுச் சுற்று, மூன்று முழுச் சுற்று என்று சரியாக அடங்கும் அலைகளே அந்த அளவுகோல்கள். 1024-ஐ 256 ஆல் வகுத்தால் 4. அளவுகோல் ஒவ்வொன்றுக்கும் உரிய இடமாகிய உங்கள் பெட்டிகள் 4 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, 96, 100, 104 என்று உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது மோட்டாரைப் பாருங்கள். 2970 சுற்று என்பது வினாடிக்கு 49.5. இயந்திரவியல் காரணத்தால் வரும் அதன் இரட்டிப்பு 99 ஹெர்ட்ஸ். ஸ்டேட்டரின், அதாவது மோட்டாரின் சுழலாத பகுதியின், காந்த இழுப்போ மின்சாரத்தின் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் வருகிறது. இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு ஒருமுறை கூடிக் குறையும். நீங்கள் காதில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 0.25 வினாடிக்குள் 99 ஹெர்ட்ஸ் அலை 24.75 சுற்றுகளும், 100 ஹெர்ட்ஸ் அலை 25 சுற்றுகளும் முடிக்கின்றன. வேறுபாடு கால் சுற்றுதான். கால் சுற்று வேறுபாட்டை வைத்துக்கொண்டு இவை இரண்டு அலைகள் என்று தீர்மானிக்க இந்தக் கணக்கால் முடியாது. குறைந்தது ஒரு வினாடி கேட்டால்தான் ஒரு முழுச் சுற்று வேறுபாடு உண்டாகும். நான்கு வினாடி கேட்பது நல்லது; காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எனவே பிரிக்கும் திறன் நீங்கள் எவ்வளவு நேரம் கேட்டீர்கள் என்பதிலிருந்து வருகிறது. எவ்வளவு நெருக்கமாக மாதிரி எடுத்தீர்கள் என்பதிலிருந்து அல்ல. வீதத்தை 4096 ஆக்கி, தொகுதியை 256 ஆகவே வைத்ததால், நீங்கள் கேட்ட நேரம் 0.0625 வினாடியாகச் சுருங்கி, பெட்டி 16 ஹெர்ட்ஸ் அகலமாகிவிட்டது. மழுங்கியது இதனால்தான்.

ஈரோடு மாணவி எழுதியது:

ஐயா, ஓர் ஐயம். 256 மாதிரிகளுக்குப் பின்னால் 3840 பூச்சியங்களைச் சேர்த்து 4096 ஆக்கினால் பெட்டியின் அகலம் 0.25 ஹெர்ட்ஸ் ஆகிவிடுமே? எங்கள் ஆய்வகத்தில் அப்படிச் செய்தபோது வரைபடம் மிகவும் வழுவழுப்பாக வந்தது. அண்ணாவுக்கும் அதுவே போதாதா?

பெருந்துறை வாத்தியார் எழுதியது:

வழுவழுப்பு வரும் அம்மா, தெளிவு வராது. பூச்சியம் சேர்ப்பது, 4 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இருந்த புள்ளிகளுக்கு நடுவே வளைகோடு எப்படிப் போகிறது என்பதை நிரப்பிக் காட்டுகிறது. ஒரே ஒரு முனை இருக்கும் இடத்தில், அதன் உச்சி 262-லா 264-லா என்று பார்க்க அது உதவும். இரண்டு அலைகள் ஒரே மேடாக ஒட்டிக்கிடக்கும் இடத்தில், அந்த ஒற்றை மேட்டையே அழகாக வரைந்து தரும். மோட்டார் ஓடாத நேரத்தைக் கேட்டதாகக் கணக்கெழுதினால் மோட்டாரைப் பற்றிப் புதிதாக என்ன தெரியும்?

பல்லடம் மில் மெயின்டனன்ஸ் எழுதியது:

இரண்டாவது சிக்கலை நான் எடுத்துக்கொள்கிறேன். தம்பி, உங்கள் மூன்று முனைகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 264, 360, 460. ஏறக்குறைய நூறு நூறு இடைவெளி. பேரிங் குறைக்கு அப்படிப்பட்ட இடைவெளி வரக் காரணமில்லை. உள்வளையக் குறையானால் சுழல் வேகமாகிய 49.5 இடைவெளியில்தான் பக்க முனைகள் எழும். 100 இடைவெளி என்றாலே மின்சாரம் சம்பந்தப்பட்டது என்று எங்கள் மில்லில் சந்தேகப்படுவோம். அந்த மோட்டாரின் ரோட்டாரில், அதாவது சுழலும் பகுதியில், எத்தனை பார் (உலோகக் கம்பி) இருக்கின்றன என்று எண்ணிச் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் செய்யுங்கள். மாதிரி வீதத்தை 1024-இலிருந்து 1100-க்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். உண்மையான அதிர்வு, நீங்கள் எந்த வீதத்தில் எடுத்தாலும் தன் ஹெர்ட்ஸை விட்டு நகராது. வேடம் போட்டு வந்தது நகரும்.

கணபதிப் பட்டறை எழுதியது:

அண்ணா, ரோட்டாரை வெளியே எடுத்து, மேல்பரப்பில் சாய்வாக ஓடும் பார் கோடுகளைச் சாக்குக்கட்டியால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே எண்ணினேன். 28. மறுபடி பூட்டி 1100 வீதத்தில் எடுத்தேன். 264-இல் எதுவும் இல்லை. 186 அருகே ஒன்றும் 286 அருகே ஒன்றும் வந்திருக்கின்றன. 100 மேடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பல்லடம் மில் மெயின்டனன்ஸ் எழுதியது:

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. 28-ஐ 49.5 ஆல் பெருக்கினால் 1386. ரோட்டார் பார்கள் ஸ்டேட்டர் பற்களைக் கடக்கும் அதிர்வு அது. அதன் இருபுறமும் 100 தள்ளி 1286, 1486 என்று துணை முனைகள் எழும். 1024 வீதத்தில் எடுப்பவருக்கு 512 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உள்ளபடி தெரியாது. மேலே இருப்பது மடிந்து கீழே விழும். 1286-இலிருந்து 1024 போனால் 262, 1386-இலிருந்து போனால் 362, 1486-இலிருந்து போனால் 462. நீங்கள் பார்த்த மூன்றும் இவையே. 1100-ஐக் கழித்தால் 186, 286. இரண்டும் பொருந்துகின்றன. 4096 வீதத்தில் முனை காணாமல் போகவில்லை. தன் சொந்த ஊரான 1286-க்குப் போய்விட்டது. உங்கள் திரை 500 வரைதான் காட்டுகிறதோ என்னவோ.

பேரிங் கணக்கின் 267-ம் இந்த 262-ம் அருகருகே விழுந்தது தற்செயல். 4 ஹெர்ட்ஸ் பெட்டியில் அவற்றுக்கிடையே ஏறக்குறைய ஒரு பெட்டிதான் தூரம். அப்பா சொன்னதைக் கேட்டிருந்தால் ஒரு பேரிங் மிச்சம்.

கணபதிப் பட்டறை எழுதியது:

திரை 500 வரைதான் அண்ணா. அளவை நீட்டிப் பார்த்தேன். 1286-ஐ ஒட்டி நிற்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சோமனூர்த் தறி எழுதியது:

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் பழக்கமில்லை, ஆனாலும் மேலே மடிந்து விழுவது என்று அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் தறித் துணி நினைவுக்கு வந்தது. சில நூலை ஊடையாக (குறுக்கு நூலாக)ப் போட்டால் துணியில் லேசாகச் சாய்ந்த வரிகள் விழும். நூலைக் கையில் எடுத்து ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மில்காரரிடம் கேட்டால் தறியில் குறை என்பார். தறியைச் சோதித்தால் அதில் ஒன்றும் இருக்காது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பல்லடம் மில் மெயின்டனன்ஸ் எழுதியது:

தொடர்பு மட்டுமல்ல, இரண்டும் ஒரே கணக்குத்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அதிர்வெண் என்றால் என்னவென்று புரியவைத்ததே இந்த வகைக் குறைதான்.

நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் முன் உருளையாகிய பிரண்ட் ரோலரின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோலர் கொஞ்சம் மையம் விலகி ஓடினால், ஒரு சுற்றுக்கு ஒருமுறை நூல் தடித்து மெலியும். 27-ஐப் பையால் பெருக்கினால் 84.8 மில்லிமீட்டர், அதாவது எட்டரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை. நூலின் சீர்மையைச் சோதிக்கும் கருவியில் நூலை நிமிடத்துக்கு 400 மீட்டர் வேகத்தில் ஓடவிட்டால், இந்தக் குறை வினாடிக்கு 78 அல்லது 79 முறை கடந்துபோகும். கருவி அதை ஹெர்ட்ஸாகக் காட்டாமல் நீளமாகவே மாற்றிக் காட்டுகிறது. வரைபடத்தில் எட்டரை சென்டிமீட்டர் இடத்தில் ஒற்றைத் தூணாக எழும்பும். நாங்கள் அதைச் சிம்னி என்போம். ரோலர் மையம் விலகாமல் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், சுற்றுக்கு இரண்டு தடிப்பு என்பதால் சிம்னி அதில் பாதி நீளத்தில் வரும். மேல் ரோலர் 30 மில்லிமீட்டர் என்றால் 94 மில்லிமீட்டரில் வரும். பின் ரோலரில் உள்ள குறை, டிராஃப்ட் (பஞ்சை இழுத்து மெல்லியதாக்கும் மடங்கு) 30 என்றால் முப்பது மடங்கு இழுபட்டு இரண்டரை மீட்டரில் வரும். நீளத்தைப் பார்த்தே எந்த ரோலரைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிடலாம். பஞ்சு இழைகள் டிராஃப்டிங்கில் பிடிமானம் இல்லாமல் ஓடுவதால் வருவது மட்டும் தூணாக நிற்காமல் மலைபோலப் பரந்து கிடக்கும். அதற்கு ரோலரைக் கழற்றிப் பயனில்லை.

இனி உங்கள் தறிக்கு வருவோம். நாடா இல்லாத தறியில் ஒரு பிக்குக்கு (ஊடை ஒருமுறை குறுக்கே போவதற்கு) 128 சென்டிமீட்டர் நூல் போகிறது என்போம். 128-ஐ 8.48 ஆல் வகுத்தால் 15.09. ஒவ்வொரு பிக்கிலும் பதினைந்து முழுத் தடிப்புகளும், மிச்சமாக நூற்றில் ஒன்பது பங்கும் அடங்குகின்றன. துணியில் ஓர் இடத்தில் விரலை வைத்து, பாவு நூலின் (நெடுக்கு நூலின்) போக்கிலேயே மேலே நகர்ந்துகொண்டு போங்கள். பிக்குக்கு ஒருமுறைதான் அந்த ஊடையை நீங்கள் சந்திக்கிறீர்கள். அதாவது 128 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி எடுக்கிறீர்கள். பதினைந்து முழுச் சுற்றுகள் இருந்தனவா, ஒன்றுமே இல்லையா என்பது உங்கள் விரலுக்குத் தெரியாது. அந்த 0.09 மட்டுமே தெரியும். அதனால் பதினோரு பிக்குக்கு ஒருமுறை தடிப்பு திரும்ப வருவதாகத் தோன்றும். அங்குலத்துக்கு 60 பிக் என்றால் அது ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர். கண்ணுக்கு நன்றாகவே தெரியும் வரி. நாடா போய் வரும் உங்கள் தறியில் ஒரு பிக் இடமிருந்தும் அடுத்தது வலமிருந்தும் போவதால், இரண்டு சாய்வுகள் ஒன்றையொன்று வெட்டி நீண்ட வைரக் கட்டங்களாகவும் விழுந்திருக்கும்.

அதே நூலை அகலம் சற்று வேறான தறியில் ஓட்டினால் வரியின் சாய்வு மாறிவிடும். 127.2 சென்டிமீட்டரானால் சரியாகப் பதினைந்து சுற்று. தடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நேர்க்கோடுகளாக நிற்கும். தம்பி 1024-ஐ 1100 ஆக்கியதும் முனை நகர்ந்ததே, அது இதுதான். தறியை மாற்றினால் குறை மாறுகிறது என்பதை வைத்துத் தறியைக் குற்றம் சொல்வது எவ்வளவு எளிது பாருங்கள்.

சோமனூர்த் தறி எழுதியது:

வைரக் கட்டம் என்று எழுதியதைப் படித்ததும், ஓரத்தில் போட்டுவைத்திருந்த கழிவுத் துணியை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். இருக்கிறது. குறுக்கே அளந்தால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் எட்டரை சென்டிமீட்டர். அடுத்த முறை மில்காரரிடம் பேசும்போது அளவுநாடாவோடு போகிறேன்.

பொள்ளாச்சி எலெக்ட்ரானிக்ஸ் எழுதியது:

கணபதி நண்பருக்கு வன்பொருள் பக்கத்திலிருந்து ஒரு சொல். மடிந்து விழுந்த அதிர்வை மாதிரி எடுத்த பிறகு எந்தக் கணக்காலும் அகற்ற முடியாது, ஏனென்றால் அப்போது 1286-ம் 262-ம் ஒரே எண் வரிசைகளாகிவிடுகின்றன. வடிகட்டி, மாதிரி எடுக்கும் முனைக்கு முன்னால் இருக்க வேண்டும். 3.3 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போட்டால் வெட்டு எல்லை 482 ஹெர்ட்ஸ் என்று வரும். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இந்த ஒற்றைப் படி வடிகட்டி 1286-இல் உள்ள அதிர்வில் ஏறத்தாழ 35 விழுக்காட்டை இன்னும் உள்ளே விட்டுவிடும். அதைவிட, 8192 வீதத்தில் எடுத்து, எண் வடிகட்டியால் மேல்பகுதியை நன்றாக நறுக்கிவிட்டு, எட்டுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது மேல். மாதிரிகளை நிரலில் காத்திருப்புக் கட்டளை போட்டு எடுக்காமல் டைமர் குறுக்கீட்டால் எடுங்கள். இடைவெளி ஒன்றுக்கொன்று ஆடினால் வரைபடம் முழுவதும் இரைச்சல் ஏறும்.

ஈரோடு மாணவி எழுதியது:

4 வினாடிக்கு 1024 வீதம் என்றால் 4096 மாதிரிகள். அண்ணாவின் பலகையில் 2048 பைட் நினைவகம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதோடு எஃப்எஃப்டி ஒரு தோராயக் கணக்கு என்றும், துல்லியம் வேண்டுமானால் முழு உருமாற்றத்தையே செய்ய வேண்டும் என்றும் எங்கள் வகுப்பில் ஒருவர் சொன்னார். இரண்டுக்கும் விளக்கம் வேண்டும்.

பெருந்துறை வாத்தியார் எழுதியது:

தோராயம் என்பது தவறு. இரண்டும் ஒரே விடையைத் தருபவை. எஃப்எஃப்டியில் செயல்கள் குறைவு என்பதால் தசமப் பிழை சேர்வதும் குறைவே. 4096 மாதிரிகளை நேரடியாகச் செய்தால் 1,67,77,216 கலப்பெண் பெருக்கல்கள். எஃப்எஃப்டியில் 24,576. இந்தச் சேமிப்பு எங்கிருந்து வருகிறதென்றால், ஒற்றைப்படை இடத்து மாதிரிகளையும் இரட்டைப்படை இடத்து மாதிரிகளையும் தனித்தனியே பிரித்து உருமாற்றினால், ஒவ்வொரு பாதியின் விடையும் முழுத் தொகுதியின் இரண்டு பெட்டிகளுக்குப் பயன்படுகிறது. ஒரு பெட்டிக்குக் கூட்ட வேண்டும், பாதி தூரம் தள்ளி இருக்கும் பெட்டிக்கு அதையே கழிக்க வேண்டும். அந்தப் பாதிகளையும் அப்படியே பாதியாக்கிக்கொண்டே போகலாம். 4096-ஐப் பன்னிரண்டு முறை பாதியாக்கலாம் அல்லவா. 2048-ஐப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

கூலி, டுக்கி என்ற இரு கணித அறிஞர்கள் இதை 1965-இல் வெளியிட்டார்கள். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவற்றுள் ஒன்று, நில அதிர்வுக் கருவிகளின் பதிவிலிருந்து அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற தேவை. ஆனால் சிறுகோள்களின் பாதையைக் கணக்கிட, 1805 வாக்கிலேயே கணித மேதை காஸ் இதே பிரிப்பைச் செய்து வைத்திருந்தார். அது அவர் காலத்துக்குப் பிறகு 1866-இல்தான் அச்சானது. எஃப்எஃப்டியின் பெயரிலேயே இருக்கும் ஃபூரியர் தம் வெப்பக் கட்டுரையைக் கொண்டுவந்த 1807-க்கும் அது முந்தையது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நினைவகச் சிக்கலுக்கு கோயர்ட்ஸல் என்பவர் 1958-இல் தந்த வழி பொருந்தும். தம்பிக்கு 2048 பெட்டிகளும் வேண்டியதில்லை. 98-லிருந்து 101 வரை பத்துப் பதினைந்து அதிர்வெண்கள் போதும். ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் முந்தைய இரண்டு விடைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, புதிய மாதிரி வந்ததும், முந்தைய விடையை அந்த அதிர்வெண்ணுக்குரிய கொசைனின் இரட்டிப்பால் பெருக்கிச் சேர்த்து, அதற்கும் முந்தையதைக் கழித்தால் போதும். மாதிரியை அப்போதே தூக்கிப் போட்டுவிடலாம். தொலைபேசியில் பொத்தானை அழுத்தினால் எழும் 697, 770, 852, 941 போன்ற ஒலிகளைப் பிரித்தறிவதில் இந்த முறை நெடுங்காலம் உழைத்திருக்கிறது.

இன்னொன்று. தொகுதியை அப்படியே போடாமல் ஹான் சாளரத்தால் பெருக்கிப் போடுங்கள். கைலி மூட்டும்போது ஒரு முனையின் கட்டம் மறுமுனையின் கட்டத்தோடு பொருந்தாவிட்டால் மூட்டிய இடம் அசிங்கமாகத் தெரியும் அல்லவா? இந்தக் கணக்கும் உங்கள் தொகுதியின் முடிவைத் தொடக்கத்தோடு மூட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. 24.75 சுற்றில் வெட்டிய அலை மூட்டில் பொருந்தாது. அந்த முறிவு பக்கத்துப் பெட்டிகளிலெல்லாம் கசியும். ஹான் சாளரம் இரு முனைகளையும் பூச்சியத்துக்கு இறக்கிவிடுவதால் மூட்டுத் தெரியாது. சாளரம் போடாதபோது முதல் பக்க மேடு உச்சியிலிருந்து 13 டெசிபல்தான் கீழே இருக்கும். ஹானில் 31 டெசிபல் கீழே போய்விடும். இதற்கு விலையாக முனை இரு மடங்கு அகலமாகும். அதனால்தான் ஒரு வினாடி போதாது, நான்கு வினாடி என்று சொல்கிறேன்.

வீச்சையும், அதாவது முனையின் உயரத்தையும், நம்பி எழுதாதீர்கள். 262 உங்கள் 260-க்கும் 264-க்கும் நட்ட நடுவில் விழுந்ததால், சாளரம் இல்லாத உங்கள் வரைபடம் அதன் வீச்சில் ஏறத்தாழ 64 விழுக்காட்டை மட்டும்தான் காட்டியிருக்கும். ஹான் போட்டால் இந்த இழப்பு ஏறத்தாழ 15 விழுக்காடாகக் குறையும். ஆனால் அது எல்லா வீச்சையும் பாதியாக்கும் என்பதால் விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஈரோடு மாணவி எழுதியது:

நான்கு வினாடி நல்லதென்றால் ஒரு நிமிடம் இன்னும் நல்லதல்லவா ஐயா? இல்லையென்றால், 1795-இலேயே ப்ரோனி தந்த முறையைப் பயன்படுத்திக் கால் வினாடியிலேயே இரண்டையும் பிரித்துவிடலாம் என்று படித்தேனே.

பெருந்துறை வாத்தியார் எழுதியது:

ஒரு நிமிடம் கேட்டால் மின்சாரமே நிலையாக இருக்காது. நம் நாட்டு மின்தொகுப்புக்கு வகுத்திருக்கும் வரம்பே 49.90 முதல் 50.05 வரை, இரட்டிப்பில் அது 99.8 முதல் 100.1 வரை உலவலாம். ரோட்டார் சூடேற ஏற 2970-ம் நகரும். நீண்ட தொகுதியில் நூலிழைபோல் நிற்க வேண்டிய முனை தடித்துப் பரவிவிடும். நீண்ட பதிவு கையில் இருந்தால், அதை நான்கு வினாடித் துண்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி வெட்டி, அவற்றின் திறன் வரைபடங்களைச் சராசரி எடுங்கள். 1967-இல் வெல்ச் சொன்ன வழி அது. இரைச்சல் அடங்கும், முனை அப்படியே நிற்கும்.

ப்ரோனி முறை, சமிக்ஞையில் இத்தனை அலைகள்தான் இருக்கின்றன என்று முதலிலேயே நம்மிடம் கேட்டுக்கொண்டு, அந்த எண்ணிக்கைக்குப் பொருந்தும் அதிர்வெண்களைத் தீர்த்துத் தருகிறது. எண்ணிக்கை சரியாகவும் இரைச்சல் மிகக் குறைவாகவும் இருந்தால் கால் வினாடியிலும் பிரித்துக் காட்டும். அலைகள் எத்தனை என்று தெரியாத, பக்கத்தில் கிரைண்டர் ஓடும் ஒரு பட்டறையில், அது இல்லாத முனையையும் அதே உறுதியோடு சொல்லும். மோட்டார் நம் மேடையில்தானே ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு வினாடி காத்திருப்பதில் என்ன நட்டம்?

கணபதிப் பட்டறை எழுதியது:

எல்லோரும் சொன்னபடி செய்தேன். 8192 வீதத்தில் எடுத்து, வடிகட்டி, 1024 ஆக்கி, ஹான் சாளரம் போட்டு, 98-லிருந்து 101 வரை கால் ஹெர்ட்ஸ் இடைவெளியில் பதின்மூன்று கோயர்ட்ஸல்களை நான்கு வினாடி ஓடவிட்டேன். 99-இல் ஒரு முனை, 100-இல் ஒரு முனை, நடுவில் தெளிவான பள்ளம். 100-இல் உள்ளதே உயரம் கூடியது.

அதை அப்பாவிடம் காட்டியபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. மோட்டாரை ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்து, கேள் என்றார். மின்சாரம் போன அந்த நொடியே ஏற்ற இறக்கம் நின்றது. ரோட்டார் அப்புறமும் நெடுநேரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. 100 ஹெர்ட்ஸ் போய்விட்டால் 99-க்குச் சேர்ந்து ஏறி இறங்க ஆளில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு மோட்டாரின் நான்கு கால்களிலும் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் நான்கு வினாடி அளந்தேன். மூன்றில் பெரிய மாற்றமில்லை. விசிறிப் பக்கத்து இடது காலைத் தளர்த்தியதும் 100-இன் வீச்சு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தக் கால் மேடையில் படியாமல் தூக்கிக்கொண்டிருந்ததையும், போல்ட்டை முறுக்கியபோது மோட்டாரின் வெளிக்கூடே முறுகியதையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டுப் பார்த்ததும் கண்டுகொண்டோம். இடைவெளிக்குத் தகடு செருகி முறுக்கியிருக்கிறோம். ஏற்ற இறக்கம் இப்போது வாசலில் கேட்பதில்லை. ஸ்குரூ டிரைவர் வைத்தால் மட்டும் கேட்கிறது.

இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. தோட்டத்தில் இந்த மோட்டாரை இரும்புச் சட்டத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், அங்கே காலின் இடைவெளி வேறாக இருக்கும். பலகையையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அன்னூர் போகிறேன். இம்பெல்லர் மாட்டித் தண்ணீர் இழுக்கும்போது சுற்று 2900-க்கும் கீழே போகும் என்பதால், 98-இல் தொடங்கி அல்ல, 94-இல் தொடங்கி அளந்தால் போதுமா?

பல்லடம் மில் மெயின்டனன்ஸ் எழுதியது:

2880 என்றால் இரட்டிப்பு 96. அப்போது 100-க்கும் அதற்கும் 4 ஹெர்ட்ஸ் தூரம் இருப்பதால் பிரிப்பது எளிது. ஆனாலும் 92-இல் தொடங்குங்கள். தோட்டத்தில் மின்னழுத்தம் குறைவாக இருந்தால் சுற்று இன்னும் இறங்கும். டேகோமீட்டரை மறக்காமல் எடுத்துப் போங்கள்.